ஒரு பெட்டிக்குக் காது மட்டும்... இன்னொன்றுக்கு வாய் மட்டும்!

மாண்டஸ் புயலை மாமல்லபுரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 டிசம்பர் 9, நள்ளிரவையொட்டி அது கரையைக் கடந்தது அவர்கள் ஊருக்கு அருகேதான். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்துக்கு எச்சரிக்கை சில நாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட நேரம் இருந்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் குமரி மீனவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயலாக மாறியபோது, ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் கரையைவிட்டுப் பல நாள்கள் ஆகியிருந்தன. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரைத் தாண்டினால் செல்போனில் சிக்னல் இருக்காது. நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

இத்தனைக்கும் ஆழ்கடல் படகுகளில் கருவிகள் இல்லாமல் இல்லை. இருக்கும் இடத்தைச் சொல்ல ஜிபிஎஸ், ஆழத்தைக் காட்ட எக்கோ சவுண்டர், பக்கத்துப் படகோடு பேச வயர்லெஸ் எல்லாம் உண்டு. ஆனால் கருவிக்குத் தெரிந்தது கரைக்குத் தெரியவில்லை. கரைக்குத் தெரிந்தது கருவிக்குப் போய்ச் சேரவில்லை.

படகிலுள்ள கருவிகளை ஒரு கம்ப்யூட்டரோடு இணைப்பது என்றால், ஏதோ பணக்காரர்களின் உல்லாசப் படகு சமாச்சாரம் என்றுதான் தோன்றும். தொடங்கியதும் ஏறக்குறைய அங்கேதான். இப்போது அது வந்து நிற்கும் இடம், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃபைபர் போட்டில் வைத்திருக்கும் செல்போன்!

டாலர் குறியில் தொடங்கும் பாஷை

படகுக் கருவிகளுக்கென்று தனி மொழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983-ல் கொண்டுவந்தது. சங்கத்தின் பெயரைச் சுருக்கி என்எம்இஏ 0183 என்பார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. காரணம், அதன் எளிமை. கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் நம் கண்ணாலேயே படித்துவிடலாம்.

ஒவ்வொரு தகவலும் ஒரு வரி. டாலர் குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு எழுத்து, பேசுவது யார் என்று சொல்லும். 'ஜிபி' என்றால் ஜிபிஎஸ், 'எஸ்டி' என்றால் ஆழம் பார்க்கும் கருவி. அதற்கடுத்த மூன்று எழுத்து, என்ன விஷயம் என்பதற்கு. 'ஆர்எம்சி' என்று வந்தால் நேரம், இடம், வேகம், திசை, தேதி எல்லாம் கமா போட்டு வரிசையாக வரும். 'டிபிடி' என்றால் ஆழம். கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி, அதன் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண். மளிகைக் கடை பில்லில் கூட்டுத்தொகை சரிதானா என்று பார்ப்பதைப்போல, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, பொருந்தாத வரியைத் தள்ளிவிடும்.

வேகம்? விநாடிக்கு 4,800 பிட். அதாவது சுமார் 480 எழுத்து. இன்றைய செல்போன் வேகத்தோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டிதான். ஆனால் படகு இருக்கும் இடத்தைச் சொல்ல அதற்கு மேல் தேவையில்லை.

இந்தக் கருவியிலிருந்து வரும் மெல்லிய வயர்களை லேப்டாப்பில் நேரடியாகச் செருக இடமில்லை. யுஎஸ்பி-யாக மாற்றும் கேபிள் ஒன்று வேண்டும். செருகியதும் திரையில் புரியாத கிறுக்கல்கள் ஓடினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வேகம் தவறாக வைக்கப்பட்டிருக்கும். 4,800 என்று மாற்றினால் வரிகள் ஒழுங்காகிவிடும். சுற்றியுள்ள கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவி மட்டும் 38,400-ல் பேசும். வரும் தகவலை வரைபடத்தின் மேல் காட்ட 'ஓபன்சிபிஎன்' போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏமாறுகிறவர்கள் அதிகம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கூகுள் மேப்பில் ஏறக்குறைய 12.616 டிகிரி வடக்கு. அதையே பழைய முறையில் 12 டிகிரி 37 நிமிடம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஜிபிஎஸ் கருவி தன் பாஷையில் 1237 என்று அனுப்பும். முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மீதி நிமிடம். தெரியாதவர்கள் அதை 12.37 டிகிரி என்று எழுதிக்கொண்டால், இடம் கிட்டத்தட்ட 15 கடல் மைல் தெற்கே நகர்ந்துவிடும். அதாவது 27 கிலோமீட்டர்! கல்பாக்கத்தைக் கடந்து, பாலாறு கடலில் கலக்கும் இடத்தையும் தாண்டிப் போய்விடும் கோயில். வலை போடும் 'பாயின்ட்' என்றால் ஒருநாள் டீசல் வீண். உதவி கேட்டுச் சொன்ன இடம் என்றால்? தேடி வருகிற படகு வேறு கடலில் தேடிக்கொண்டிருக்கும்.

குடும்ப குரூப் மாதிரி ஒரு கேபிள்

0183-க்கு ஒரு குறை உண்டு. ஒரு வயரில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் பேச முடியாது. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் 1904-லிருந்து செய்வதும் இதைத்தான். ஒளியை அனுப்பும். பார்த்தவர் யார், பார்த்தாரா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாயிரத்தை ஒட்டி வந்த என்எம்இஏ 2000 இதை மாற்றியது. கார்களுக்காக பாஷ் நிறுவனம் 1980-களில் உருவாக்கிய 'கேன்' தொழில்நுட்பத்தைக் கடலுக்குக் கொண்டுவந்தது. தெருவில் ஓடும் மெயின் பைப்பைப்போல படகின் நீளத்துக்கு ஒரே ஒரு கேபிள். வீட்டு இணைப்பு மாதிரி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கிளை. ஒரு கேபிளில் 50 கருவிகள் வரை சேரலாம். வேகம் விநாடிக்கு 2,50,000 பிட்.

இங்கே எல்லோரும் பேசலாம், எல்லோரும் கேட்கலாம். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், முக்கியமான தகவல் முதலில் போகும், மற்றது காத்திருக்கும். நம் வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் இன்னும் வராத ஒழுக்கம்!

இதோடு கம்ப்யூட்டரைச் சேர்க்க சாதாரண கேபிள் போதாது. 'கேட்வே' எனும் சிறு பெட்டி வேண்டும். ஒரு பக்கம் படகின் கேபிள், மறுபக்கம் யுஎஸ்பி அல்லது வைஃபை. படகின் மின்சாரமும் லேப்டாப்பின் மின்சாரமும் நேரடியாகத் தொடாமல் பிரித்து வைக்கிற கேட்வேயை வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஒன்றில் வரும் கோளாறு இன்னொன்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.

மெயின் கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் மாட்டிய மூடி இருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்னல் முனையில் முட்டித் திரும்பி, வருகிற சிக்னலோடு மோதும். கருவிகள் சில நேரம் தெரியும், சில நேரம் காணாமல் போகும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். பவரை அணைத்துவிட்டு இரண்டு சிக்னல் வயர்களுக்கு நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு மூடி இல்லை என்று அர்த்தம். உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன இணைப்புகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட கருவிகளை நம்பி உலகையே சுற்றி வந்தவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும், 56 அடி நீளக் கடற்படைப் பாய்மரப் படகான தாரிணியில் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். அலைக்கு நடுவில் எட்டு மாதம், இரண்டே பேர்.

கொக்கிலமேட்டு ஃபைபர் போட்டில் லேப்டாப் வைக்க ஏது இடம்? வலையும் ஐஸ் பெட்டியும் போக மிச்சம், ஆள் நிற்கிற இடம்தான். அலை ஒன்று உள்ளே வந்தால் எல்லாம் நனையும். அங்கே கம்ப்யூட்டர் என்றால் செல்போன், கேபிள் என்றால் ப்ளூடூத்.

காதும் வாயும்

ஒக்கிக்குப் பிறகு வந்த முக்கியமான பெட்டி 'ஜெமினி'. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையமும் (சுருக்கமாக இன்காய்ஸ்) விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. 2019 அக்டோபரில் அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்ட அமைத்த 'ககன்' செயற்கைக்கோள் சேவை வழியாகப் புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் அதிகம் கிடைக்கக்கூடிய பகுதி ஆகிய தகவல்களைப் பெட்டி வாங்கும். ப்ளூடூத்தில் செல்போனுக்குத் தள்ளும். செல்போனிலுள்ள ஆப் அதை நம் மொழியில் காட்டும். டவர் இல்லாத நடுக்கடலிலும் செல்போனுக்கு உயிர் கொடுத்த யோசனை இது. ஆனால் ஒருவழிப் பாதை. புயல் வருகிறது என்று கேட்கலாம், 'இன்ஜின் நின்னுடுச்சு, காப்பாத்துங்க' என்று சொல்ல முடியாது.

சொல்லும் பெட்டி அதற்கு முன்பே இருந்தது. இஸ்ரோவின் 'டாட்' என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. நடுக்கடலில் அதை இயக்கினால் செயற்கைக்கோள் வழியாக பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி போகும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்கு வாய் மட்டும்தான், காது இல்லை. பட்டனை அழுத்தியவருக்கு, தன் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியாது. மூழ்கும் படகில் அந்தச் சந்தேகத்தோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை, கரையில் இருந்துகொண்டு கற்பனை செய்வதே கஷ்டம்.

2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை டாட்டில் இரண்டும் சேர்ந்தன. ஆபத்துச் செய்தி போய்ச் சேர்ந்ததும் 'கிடைத்தது' என்ற பதில் படகுக்கே திரும்பி வரும். கருவியை ப்ளூடூத்தில் செல்போனோடு இணைத்தால், கரையிலிருந்து வரும் செய்திகளைத் தாய்மொழியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், கடலோர மாநிலங்களின் மீன்பிடிப் படகுகளில் 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர்களைப் படிப்படியாகப் பொருத்துவதாக அறிவிப்பு. செலவு சுமார் 360 கோடி ரூபாய். இதுவும் இஸ்ரோவின் தொழில்நுட்பம்தான், இதுவும் இருவழிப் பேச்சுக்கானதுதான்.

இப்படி ஒரு பெட்டி படகுக்கு வந்தால் கரையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. ஆப்பை வீட்டிலேயே இறக்கிவிட வேண்டும், கடலுக்குள் டவுன்லோடு ஆகாது. ப்ளூடூத் இணைப்பைக் கிளம்பும் முன் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு போன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது? படகில் இன்னொருவர் போனிலும் அதே ஆப் இருக்கட்டும். முக்கியமாக, பெட்டியைக் கண்ணில் படாத மூலையில் பத்திரப்படுத்தக் கூடாது. வலைக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் கிடந்தால் சிக்னல் சரியாகப் போகாது. அதற்கு மேலே திறந்த வானம் வேண்டும்.