தாயம் ஏன் விழமாட்டேன் என்கிறது?

சுட்டிகளே! சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மே மாதத்து மத்தியான நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு ஈ, காக்கை இருக்காது. மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் எல்லாம் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நாமக்கல்லில் இருந்து வந்த அண்ணன், ராசிபுரத்தில் இருந்து வந்த தங்கை, நடுவில் அம்மாயி. தரையில் சாக்பீஸில் போட்ட கட்டம். பித்தளைத் தாயக்கட்டை 'டிங்' என்று உருளும்.

தாயம் ஆடும் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு கட்டாயம் கேட்கும்.

"பத்து தடவை உருட்டிட்டேனுங்க அம்மாயி. ஒரு தாயம்கூட விழல!"

"உன்னோடது ராசியில்லாத கை புள்ள. கொண்டா இங்க, நான் உருட்டித் தர்றேன்."

"சும்மா இரு கண்ணு, அவளே உருட்டட்டும்" என்று அம்மாயி அதட்டுவார். ஆனாலும் தங்கையின் முகம் சுருங்கிப்போகும். 'ராசியில்லாத கை' என்ற பட்டம் சில வீடுகளில் விளையாட்டோடு போவதும் இல்லை. விதை ஊன்றும்போதும், புதுக் கணக்கு நோட்டைத் திறக்கும்போதும்கூட "அவ கை வேண்டாம்" என்பார்கள். பாவம்தானே?

அந்தக் கை மீது நிஜமாகவே குற்றம் இருக்கிறதா? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றும் நீளமானது, நான்கு பக்கம் கொண்டது. ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. நான்காவது பக்கம் வெற்றுப் பக்கம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினால், மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டல்தான் விழுந்த எண். ஒரு கட்டை வெற்று, இன்னொன்றில் ஒரு புள்ளி என்றால் அதுதான் தாயம். இரண்டுமே வெற்று என்றால் பூஜ்யம் இல்லை, 12! தாயம் போட்டால்தான் காய் இறங்கும். அதுவரை மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு கேள்வி. தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு?

"விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12. மொத்தம் ஏழு. அதில் தாயம் ஒன்று. ஆகவே ஏழில் ஒன்று" என்று சொல்லத் தோன்றுகிறதா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது தப்பு! ஏன் தப்பு என்று பார்க்க, அம்மாவிடம் கேட்டு ஒரு கட்டையின் ஓரத்தில் கொஞ்சம் குங்குமம் தடவுங்கள். இப்போது ஒன்று குங்குமக் கட்டை, மற்றது சாதாக் கட்டை. குங்குமக் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொரு விதத்துக்கும் சாதாக் கட்டை நான்கு விதமாக விழலாம். நான்கு நான்கு பதினாறு. அந்தப் பதினாறையும் எழுதினால் இப்படி வரும் (சாதாக் கட்டை வெற்று, 1, 2, 3 என்ற வரிசையில்):

குங்குமக் கட்டை வெற்று: 12, 1, 2, 3
குங்குமக் கட்டை 1: 1, 2, 3, 4
குங்குமக் கட்டை 2: 2, 3, 4, 5
குங்குமக் கட்டை 3: 3, 4, 5, 6

நடக்கக்கூடிய எல்லா விதங்களையும் ஒன்று விடாமல் எழுதிய இந்தப் பட்டியலுக்குத்தான் 'கூறுவெளி' என்று பெயர். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காக்களின் கணக்குப் புத்தகத்தில் இந்த வார்த்தையைப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது எத்தனை, மொத்தம் எத்தனை என்று வகுத்தால் வருவது 'நிகழ்தகவு'. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். சங்கதி அவ்வளவுதான்.

பட்டியலில் தாயம் எத்தனை இடத்தில் இருக்கிறது? இரண்டு இடத்தில். ஆகவே 16-ல் 2, அதாவது 8-ல் 1. மூன்றைப் பாருங்கள், நான்கு இடத்தில் இருக்கிறது. அது நான்கில் ஒரு தடவை விழும். இரண்டும் நான்கும் மும்மூன்று வழியில் விழும், ஐந்து இரண்டு வழியில் விழும். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே ஒரு வழிதான். எண்கள் ஏழாக இருந்தாலும் ஏழுக்கும் சமமான வாய்ப்பு இல்லை. அதனால்தான் 'ஏழில் ஒன்று' தப்பாகிப் போனது.

இதில் நீங்கள் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் டாலம்பெர்ட் என்று ஒரு பெரிய கணித மேதை இருந்தார். ஒரு நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழ என்ன வாய்ப்பு என்பது கேள்வி. 'முதலிலேயே தலை, பூவுக்குப் பிறகு தலை, இரண்டும் பூ, ஆக மூன்று விதம். எனவே மூன்றில் இரண்டு' என்று 1754-ல் ஒரு பெரிய கலைக்களஞ்சியத்திலேயே எழுதிவிட்டார்! தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்காக எழுதியிருந்தால் நான்கில் மூன்று என்ற சரியான விடை கிடைத்திருக்கும். குங்குமம் தடவிய நாணயம் அவரிடம் இல்லை போலிருக்கிறது!

இன்னொரு வேடிக்கையும் அந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது. தாயத்தில் எந்த எண் விழுந்தால் மறுபடியும் உருட்டலாம்? வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும் என்றாலும், பொதுவாக 1, 5, 6, 12. எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் இல்லை? 2, 3, 4. இப்போது பட்டியலை மறுபடி பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு வழியில் மட்டும் விழும் அரிய எண்களுக்கெல்லாம் பரிசு. மூன்று, நான்கு வழியில் சுலபமாக விழுபவற்றுக்குப் பரிசு இல்லை. கச்சிதமாகப் பொருந்துகிறதே! இந்த விதியை வகுத்தவர்கள் யாராக இருந்தாலும், உருட்டி உருட்டியே எது அரிது, எது சுலபம் என்று தெரிந்துவைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

சரி, தங்கையின் வழக்குக்கு வருவோம். எட்டில் ஒன்று என்றால், எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயம் விழுந்தே தீர வேண்டுமா? இல்லவே இல்லை. 800 பிள்ளைகள் ஒரே நேரத்தில் தாயம் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் உருட்டில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 100 பேருக்குத் தாயம் விழும். மீதி 700 பேர். இரண்டாவது உருட்டில் அந்த 700-ல் எட்டில் ஒரு பங்கு பேர் காய் இறக்குவார்கள். மீதி 612 பேர். மூன்றாவது உருட்டில் 536 பேர் மிஞ்சுவார்கள். இப்படியே போனால் எட்டு உருட்டு முடிந்த பிறகும் சுமார் 275 பேர் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பத்து உருட்டு முடிந்தால்? சுமார் 210 பேர்!

அதாவது நான்கு பிள்ளைகள் ஆடினால், அதில் ஒருவருக்குப் பத்து உருட்டிலும் தாயம் விழாமல் போவது சர்வ சாதாரணம். அந்த ஒருவர் இன்றைக்குத் தங்கை, நாளைக்கு அண்ணனாகவே இருக்கலாம். கைக்கும் ராசிக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. கேஸ் தள்ளுபடி!

"பத்து தடவை விழவில்லையே, அப்படியானால் பதினொன்றாவது கட்டாயம் விழும்" என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள். பித்தளைக்கு ஞாபகசக்தி கிடையாது. பதினொன்றாவது உருட்டிலும் அதே எட்டில் ஒன்றுதான்.

நூறு தடவை உருட்டியும் தாயமே விழாமல் இருக்குமா? இருக்கலாம். ஆனால் சுமார் ஆறு லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நேரும். இந்த மாதிரி மிக மிக அரிதான நிகழ்ச்சிகளின் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் நம் ஊர்க்காரர், ஸ்ரீனிவாச வரதன். 1940-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்து, பிறகு நியூயார்க்கில் பேராசிரியர் ஆனார். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு 2007-ல் அவருக்குக் கிடைத்தது, நிகழ்தகவுக் கணக்குக்காகவே!

வீட்டில் தாத்தாவிடம் லாட்டரிச் சீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் தடை செய்யப்படும் வரை அது தெருவுக்குத் தெரு விற்றது. சீட்டில் ஆறு இலக்க எண் என்று வைத்துக்கொண்டால், 000000 முதல் 999999 வரை கூறுவெளியில் 10 லட்சம் எண்கள். தினம் ஒரு சீட்டு வாங்கினாலும் ஒரு முறை முதல் பரிசு விழ, சராசரியாக 2,700 வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்! "எனக்கு ராசியிருக்கு" என்று நம்பி எத்தனை பேர் கூலிப் பணத்தை அதில் விட்டார்களோ.

பித்தளைக் கட்டை இல்லாதவர்கள் புளியங்கொட்டையில் ஆடுவார்கள். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, கையில் குலுக்கிப் போடுவார்கள். இங்கே ஒரு சிக்கல். கறுப்பு, வெள்ளை என்று பக்கம் இரண்டுதான். அதனால் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் உப்பல். இரண்டும் சமமாக விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எழுதிப் பார்த்தால் போதாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு கொட்டையை 200 தடவை போட்டு, எத்தனை தடவை வெள்ளை என்று கோடு கிழித்துக்கொண்டே வாருங்கள். கிடைத்த எண்ணை 200-ஆல் வகுத்தால் உங்கள் கொட்டையின் நிகழ்தகவு தோராயமாகத் தெரிந்துவிடும். இதற்குப் பெயர் பட்டறி நிகழ்தகவு. இரண்டு கொட்டைகளை எடுத்து, ஒன்றைக் கொஞ்சமாகவும் இன்னொன்றை நிறையவும் தேய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக மூளைக்கு வேலை. முதல் இரண்டு உருட்டிலும் அடுத்தடுத்துத் தாயமே விழ என்ன வாய்ப்பு? 800 பிள்ளைகளை வைத்தே யோசியுங்கள்.

(விடை: முதல் உருட்டில் 100 பேர், அவர்களில் எட்டில் ஒரு பங்கு 12 அல்லது 13 பேர். அதாவது 64-ல் 1.)