மதிலுக்கு வெளியே யாருடையது?

பாடசாலை விடும் நேரத்தில் கெலிஓயாவில் வீதியோரம் நின்று பாருங்கள். பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ5 வீதியில் பஸ்களும் லொறிகளும் ஓடிக்கொண்டிருக்க, ஓரத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். ஒரு வீட்டு முன்னால் மணல் குவிந்திருந்தால் போதும், அத்தனை பிள்ளைகளும் தார் வீதிக்கு இறங்குவார்கள். மணலைக் கொட்டியவர் கெட்டவர் அல்லர். "எங்கட வாசல்தானே" என்று நினைத்திருப்பார்.

அந்த இடம் அவருடையதல்ல. காணி உறுதியோடு வரும் நில அளவைப் படத்தில் எல்லைக்கோடு எங்கே நிற்கிறதோ, உரிமையும் அங்கே நிற்கிறது. அதற்கப்பால் உள்ள கானும் நடைபாதையும் வீதியைச் சேர்ந்தவை. ஏ, பி வகுப்பு வீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்க்கிறது. சி, டி வகுப்பு மாகாணத்துக்கு உரியது. சிறு ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையிடம் இருக்கும். கெலிஓயாவுக்கு அது உடுநுவர பிரதேச சபை. எனவே பெயர்ந்த நடைபாதைக் கல்லைப் போடுவதும் இடிந்த கானைக் கட்டுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுகிற செலவல்ல.

எல்லா ஊரிலும் இப்படியில்லை. நியூயோர்க் நகரில் 2003இல் வந்த சட்டத்தின்படி, பழுதான நடைபாதையில் ஒருவர் விழுந்து அடிபட்டால் அதையொட்டிய கட்டடத்தின் உரிமையாளர் நட்டஈடு கொடுக்க வேண்டியவராகலாம். உரிமையாளரே குடியிருக்கும், மூன்று குடும்பங்களுக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நடைபாதை நம்முடையதல்ல என்பதால் நமக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்றாகாது. அங்கே நாம் வைக்கும் பொருளுக்கும் செய்யும் வேலைக்கும் நாமே பொறுப்பு. இலங்கையில் நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் உண்டாக்கினால் வழக்குத் தொடர அதில் இடமுண்டு. நம் கல் குவியலில் தடுக்கி ஒரு முதியவர் விழுந்தால், சபையைக் கைகாட்டித் தப்ப முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுவழியிலுள்ள தடையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். வேலி வெளியே சாய்ந்தாலும் மரக்கிளை ஆள் தலையளவுக்குத் தொங்கினாலும் வெட்டிவிட வேண்டியது நாம்தான்.

மலைநாட்டில் இதைவிடப் பெரிய விடயம் கான். வேன் உள்ளே வரவேண்டும் என்று கானுக்கு மேல் கொங்கிரீட் சிலாப் போடுகிறோம். முதல் மழையில் ஒன்றும் தெரியாது. மேட்டிலிருந்து அடித்துவரும் செம்மண்ணும் இலையும் பிளாஸ்டிக் போத்தலும் சிலாப்புக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சேர்ந்து இறுகும். பிறகு ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம் தண்ணீர் கானை விட்டு ஏறி வீதியில் பாயும், அடுத்த வளைவில் பள்ளத்து வீட்டுக்குள் நுழையும். அந்த வீட்டுக்காரருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சிலாப்பைக் கானின் விளிம்புக்கு மேல் உயர்த்தி, நடைபாதைக்குக் குறுக்கே சரிவாக இறக்குவதும் உண்டு. ஊன்றுகோலோடு வருகிறவர் அந்தச் சரிவுக்குப் பயந்து வீதிக்கு இறங்கித்தான் நடப்பார்.

ஆகையால் சிலாப் போடுமுன் அந்த வீதி யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மதில் கட்டுமுன் வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பாருங்கள். வீதி அகலமாகும்போது எது போகும் என்பதை அது காட்டும். கேட் உள்ளே திறக்கட்டும். கான் அடைபட்டிருந்தால் சபைக்குக் கடிதமாகக் கொடுத்து, திகதி முத்திரை வைத்த பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். சிலாப்பை ஒரே துண்டாக வார்க்காமல், இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாக, கம்பிப் பிடி வைத்து வார்க்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் அதைத் தூக்கி உள்ளே கிடக்கும் மண்ணை வாரி எடுக்க ஒரு காலைப் பொழுது போதும்.