நின்ற காரும் நிதானமும்

பழைய கார் ஒன்று சாலையோரத்தில் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் "பேட்டரி போயிருக்கும்" என்பார். இன்னொருவர் "பிளக்கைக் கழற்றித் துடை" என்பார். மூன்றாமவர் கார்புரேட்டரில் தூசி என்பார். நான்காமவர் ஒன்றும் சொல்லாமல் தள்ளுவதற்குச் சட்டைக் கையை மடிப்பார். நால்வரின் யோசனையும் என்றோ ஒருநாள் பலித்ததுதான். ஆனால் இன்று இந்தக் காருக்கு என்ன நோய் என்று அவர்களில் ஒருவரும் காரைக் கேட்கவில்லை. நாடி பார்க்காத வைத்தியர் நான்கு மருந்தையும் ஒன்றாகக் கொடுப்பதைப் போன்றதுதான் இது. நோயாளி பிழைத்தாலும் எந்த மருந்தால் பிழைத்தான் என்பது தெரியாது. நான்கு மருந்துக்கும் விலை மட்டும் கொடுத்தாக வேண்டும்.

நான் இங்கே பேசுவது கார்புரேட்டரும் பாயிண்டும் கொண்ட பழைய பெட்ரோல் கார்களைப் பற்றி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர் இவற்றில் நாம் நன்கறிந்தது. அந்த வரிசையின் பழைய கார்களில் கணிப்பொறி கிடையாது. ஆகவே பழுது இன்னதென்று எழுத்தில் காட்ட எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்க்கலாம், கையால் சோதிக்கலாம். கேள்வி கேட்கத் தெரிந்தவனிடம் இந்தக் கார் எதையும் மறைப்பதில்லை.

எஞ்சினின் தேவைகள்

1876-இல் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அதே நான்கு வீச்சு முறையில் ஓடும் இந்தக் கார்களின் எஞ்சினுக்குச் சில தேவைகள் உண்டு. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து சிலிண்டருக்குள் வரவேண்டும். அந்தக் கலவையைப் பிஸ்டன் அழுத்த வேண்டும். உரிய நொடியில் மின்பொறி எழ வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, முதல் சுற்றைச் சுற்றிவிட ஸ்டார்ட்டர் மோட்டார் வேண்டும். கார் கிளம்பவில்லை என்றால் இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கிக்கொண்டே வருவதுதான் முறை.

முதல் கேள்வி: என்ன ஓசை கேட்கிறது?

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறதா, முனகி முனகிச் சுழல்கிறதா, 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். வேகமாகச் சுழன்றும் கிளம்பாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சுழலவே மறுத்தால் பெட்ரோலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பாதி சந்தேகம் இங்கேயே கழிந்துவிடும்.

"விளக்கு நன்றாக எரிகிறதே, பேட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?" என்று பலர் கேட்பதுண்டு. ஓம் விதி படித்த நாம் இதற்கு விடை சொல்ல முடியும். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியால் 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். 90 வாட் முகப்பு விளக்குகள் 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும். அப்போது அந்தத் தடையில் இழப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. விளக்கு பளிச்சென்று எரியும். ஸ்டார்ட்டரோ 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 100 ஆம்பியரில் அதே தடை 5 வோல்ட்டை விழுங்கிவிடும். மிஞ்சிய 7 வோல்ட்டில் ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்ற முடியாது. புதுப் பேட்டரி வாங்குமுன் முனைகளைச் சுரண்டி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையும் அப்படியே பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பொறி வருகிறதா?

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மாட்டி, உலோக உடலை எஞ்சினின் வெற்று இரும்பில் படும்படி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. அதில் வருவது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். அருகில் சிந்திய பெட்ரோலோ பெட்ரோல் துணியோ இருக்கவும் கூடாது. 'சட்சட்' என்று நீலப் பொறி தாவினால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ பின்னோக்கி நடக்க வேண்டும். காயிலின் நடு வயரில் பொறி இருந்து பிளக்கில் இல்லை என்றால் குற்றவாளி இடையில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், வயர் ஆகியவற்றில் ஒன்று. காயிலிலேயே இல்லை என்றால் பாயிண்ட், கண்டன்சர், காயில், அவற்றுக்கு வரும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பு 1831-இல் ஃபாரடே கண்ட மின்தூண்டலின் நேரடிப் பயன். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் அப்புலம் சட்டெனச் சரிய, இரண்டாம் சுற்றில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. எனவே அது தேய்வதில் வியப்பில்லை. அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினில் அதன் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால், அதைத் தேய்ப்பதோடு நிறுத்தாமல் கண்டன்சரையும் சந்தேகியுங்கள். பாயிண்டில் தீப்பொறி எழாமல் காப்பது கண்டன்சரின் வேலை.

மூன்றாம் கேள்வி: பெட்ரோல் வருகிறதா?

இதற்குக் கழற்றிய பிளக்கே சாட்சி. சுழற்றிய பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தேவைக்கு மேல் வந்து 'ஓவர்' ஆகியிருக்கிறது. அப்போது ஆக்ஸிலேட்டரை மீண்டும் மீண்டும் மிதிக்காமல், முழுதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறும். முனையில் கரிப்பொடி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம்.

ஓடும்போது நன்றாக இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்தால் ஐடில் ஜெட் அடைப்பையோ, கார்புரேட்டருக்குக் கீழே காற்றுக் கசிவையோ தேட வேண்டும். மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்து, மேடேறும்போது மட்டும் இறந்தால் பெட்ரோல் பம்பு, பில்டர், மெயின் ஜெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எப்போது நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

சூடானதும் நிற்கும் கார்

எல்லாவற்றிலும் கடினமான வழக்கு இது. அரைமணி நேரம் ஓடும், நிற்கும். சற்று ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இதற்குக் காரணங்கள் பல. சூட்டில் காயிலோ கண்டன்சரோ செயலிழக்கலாம். குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கலாம். டாங்கின் அடியில் உள்ள குப்பை உறிஞ்சும் குழாயின் வாயை மூடி, எஞ்சின் நின்றதும் விலகிவிடலாம். டாங்கு மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்க முடியாமல் போகலாம். வெளியே தெரியும் அடையாளம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பது. அப்போது பொறி இல்லை என்றால் காயிலும் கண்டன்சரும் விசாரணைக்கு உரியவை. பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் வழியைப் பாருங்கள். பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி போட்டதும் உடனே கிளம்பினால் ஆவியடைப்பு. டாங்கு மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே கிளம்பினால் மூடிதான் குற்றவாளி.

எங்கள் ஊரில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் இந்த நோய்க்காக ஒரு மாதத்தில் காயில், கண்டன்சர், பம்பு மூன்றையும் மாற்றினார். சவாரி போனது. கடனும் ஏறியது. ஒருமுறை பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணை நடுவழியில் ஆட்டோவில் மாற்றி அனுப்ப நேர்ந்தது. கடைசியில் காரணம் டாங்கு மூடி. இவ்வளவு நாள் அது ஏன் அகப்படவில்லை? கார் நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க முதலில் அந்த மூடியைத்தான் திறந்தார்கள். திறந்ததும் வெற்றிடம் நீங்கிவிடும். அதன்பின் எதைத் தொட்டாலும் கார் கிளம்பும். தொட்ட பொருளே காரணம் என்று எண்ணி அதை மாற்றினார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட அளவையியல் நூலில் 'வேறுபாட்டு முறை' ஒன்றை விளக்குகிறார். மற்றவை எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் மாறும்போது விளைவும் மாறினால், அந்த ஒன்றே காரணம் அல்லது காரணத்தின் இன்றியமையாப் பகுதி. தத்துவ வகுப்பில் தேர்வுக்காகப் படிக்கும் இந்த விதி பட்டறையில் பணத்தைக் காக்கிறது. மூன்று பொருளை ஒருசேர மாற்றினால் கார் ஓடலாம். எது குற்றவாளி என்பது தெரியாது. நிரபராதி இரண்டும் குப்பைக்குப் போகும். ஓட்டுநர் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. நாம் அறியாமலே மாற்றிவிட்ட ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கிளம்பாத காரின் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் உண்டு. எஞ்சின் திருப்பி வெடித்தால் தீ முகத்தில் பாயும். அதைச் செய்யவே கூடாது. மற்றொன்று எத்தனால் பற்றியது. 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனாலின் அளவு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்களை அது கெடுக்கக்கூடும். ஆகவே பழைய கார் வைத்திருப்போர் பெட்ரோல் ஹோஸ்களையும் பம்பின் டயாபிரத்தையும் அடிக்கடி பார்த்து, வெடிப்போ கசிவோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பாயிண்ட் இடைவெளியை விரல் நுனியில் அறிந்த கைகள் குறைந்து வருகின்றன. ஆகவே பழைய காரை நம்பிப் பிழைப்போர் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருப்பது நல்லது. எத்தனை மைல் ஓடியபின் நின்றது, சூடா குளிரா, ஸ்டார்ட் செய்தபோது என்ன ஓசை, பொறி இருந்ததா, பெட்ரோல் வந்ததா, எதைத் தொட்டபின் கிளம்பியது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கட்டும். பட்டறைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் முதலில் காட்டட்டும். ஸ்பானரை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.