மேரியைக் கேட்டால் எந்த மேரி?

ஒரு பள்ளியின் மாணவியர் விவரம் முழுவதும் கணிப்பொறியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அது அட்டவணையாக இருக்கும். மாணவி ஒருத்திக்கு ஒரு வரிசை. அதில் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எனத் தனித்தனிக் கட்டங்கள். விவரங்களை இப்படி ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970-இல் விளக்கினார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974-இல் வெளியிட்டனர். அதன் வழி வந்ததே இன்றைய எஸ்.க்யூ.எல்.

நிரல் எழுதுபவரோ வரிசை, கட்டம் என்று நினைப்பதில்லை. ‘மாணவி’ என்னும் ஒரு பொருளாகவே நினைக்கிறார். இந்த இரண்டு பாஷைகளுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் ஓ.ஆர்.எம். என்னும் நிரல் தொகுப்பு. 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸிலும் 2005-இல் வெளிவந்த ஜாங்கோவிலும் இத்தகைய தொகுப்புகள் உண்டு. விவரம் கேட்பதற்கென்று அவற்றில் சில கட்டளைகள் இருக்கின்றன. அக்கட்டளைகளுக்குப் பெயரிடுவது அற்ப வேலை போலத் தோன்றும். ஆனால் சங்கடமெல்லாம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

“மேரியைக் கொண்டு வா” என்று கட்டளையிடுகிறோம். மேரி என்று ஒருவருமே இல்லாமல் இருக்கலாம். ஒரே மேரி இருக்கலாம். பல மேரிகள் இருக்கலாம். (கன்னியர் மடத்துப் பள்ளியில் இந்த மூன்றாவது நிலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை!) ஜாங்கோவில் ‘கெட்’ என்று கேட்டால் சரியாக ஒருத்தி இருந்தால்தான் தரும். ஒருவரும் இல்லையென்றாலும் பலர் இருந்தாலும் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். ‘ஃபர்ஸ்ட்’ என்றால் முதலில் நிற்பவளைத் தரும்; ஒருவரும் இல்லையெனில் ‘இல்லை’ என்னும் வெறும் விடையைத் தரும். ‘ஃபில்ட்டர்’ என்றால் எத்தனை பேரோ அத்தனை பேரையும் பட்டியலாகத் தரும்.

ரெயில்ஸில் ‘ஃபைண்ட்’, ‘ஃபைண்ட் பை’ என இரண்டு உள்ளன. பெயரளவில் இவை அக்காள் தங்கை போல இருக்கின்றன. குணமோ வேறு வேறு. பதிவு எண்ணைச் சொல்லி ‘ஃபைண்ட்’ என்று தேடிக் கிடைக்காவிட்டால் பிழை எழும். ‘ஃபைண்ட் பை’ கிடைக்காவிட்டால் மௌனமாக வெறும் விடை தரும். பல மேரிகள் இருந்தால் அவர்களில் ஒருத்தியைத் தந்துவிட்டு, மற்றவர்களைப் பற்றி மூச்சு விடாது.

உதவித்தொகை வரவு வைக்கும் நாளில் இந்த மௌனம் எவ்வளவு கெடுதி செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பிழை எழுந்தால் அலுவலகத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, “தகப்பனார் பெயர் என்ன?” என்று கேட்பார். எழாவிட்டால் பணம் வேறொரு மேரியின் கணக்கில் போய்ச் சேரும். உரியவளின் தாயார் ஒரு மாதம் கழித்து வந்து நிற்பார்.

எனக்குப் பிடித்தவை எஸ்.க்யூ.எல். ஆல்கெமி என்னும் தொகுப்பின் பெயர்களே. அதில் ‘ஒன்’ என்றால் கட்டாயம் ஒன்று. ‘ஒன் ஆர் நன்’ என்றால் ஒன்று, அல்லது ஒன்றுமில்லை. இரண்டு கிடைத்தால் பிழை. பெயர் சற்று நீளம்தான். ஆனால் கையேட்டைப் புரட்டாமலே பொருள் விளங்குகிறது.

‘ஃபில்ட்டர்’ என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. சோறு வடிக்கும்போது வேண்டியது பானையில் நிற்கிறது; கஞ்சி வெளியேறுகிறது. காப்பி வடிகட்டும்போதோ வேண்டியது கீழே இறங்குகிறது. சக்கை மேலே தங்குகிறது. அப்படியானால் ‘பத்தாம் வகுப்பை வடிகட்டு’ என்பதற்கு என்ன பொருள்? வைத்துக்கொள்வதா, நீக்குவதா? ஜாங்கோ, வைத்துக்கொள்ள ‘ஃபில்ட்டர்’ என்றும் நீக்க ‘எக்ஸ்க்ளூட்’ என்றும் இரண்டு பெயர்களைத் தந்து இக்குழப்பத்தைத் தீர்த்தது.

‘கெட் ஆர் கிரியேட்’ என்றும் ஒன்று உண்டு. இருந்தால் எடு, இல்லாவிட்டால் புதிதாகச் சேர் என்பது அதன் பொருள். மறைக்காமல் இரண்டையும் சொல்லும் நேர்மையான பெயர் அது. ஆயினும் இருவர் ஒரே கணத்தில் இரண்டு கணிப்பொறிகளிலிருந்து ஒரே மாணவியைச் சேர்க்க முயன்றால் அவள் இரு முறை பதிவாகிவிடக்கூடும். இதைப் பெயரால் தடுக்க முடியாது. ஒரே சேர்க்கை எண் இரு முறை வரலாகாது என்ற விதியை அட்டவணையிலேயே எழுதி வைக்க வேண்டும்.