உஷார்! காரணம் தெரியாமல் இரண்டாவது இம்ப்ளான்டுக்கு வாயைத் திறக்காதீர்கள்

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் கையிருப்பைக் கரைத்து இம்ப்ளான்ட் பல் வைத்துக்கொண்டவர்கள் கவனிக்கவும். வைத்த பல் ஆடத் தொடங்கிவிட்டதா? ஸ்க்ரூவோடு கையில் கழன்று வந்துவிட்டதா? "கவலைப்படாதீங்க சார், இன்னைக்கே புதுசு போட்டுடலாம். இந்தத் தடவை கொஞ்சம் பெரிய சைஸ். பாதிக் காசு கொடுத்தா போதும்" என்று யாராவது சொன்னால், அந்த நாற்காலியை விட்டு உடனே எழுந்துவிடுங்கள்.

முதல் முறை வைக்கும் இம்ப்ளான்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்தாண்டு தாண்டியும் நிற்கின்றன. தோற்ற அதே இடத்தில் இரண்டாவது வைத்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. மூன்றாவதில் இன்னும் குறைகிறது. ஒவ்வொரு தோல்வியும் கொஞ்சம் தாடை எலும்பையும் தின்றுவிட்டுத்தான் போகிறது. அதனால், முதல் இம்ப்ளான்ட் ஏன் தோற்றது என்று தெரியாமல் அடுத்ததைப் போடவே கூடாது.

முதலில், ஆடுவது எது?

எலும்புக்குள் இருப்பது டைட்டானியம் ஸ்க்ரூ. அதன் மேல் அபட்மென்ட் என்னும் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் கேப். பல நேரம் ஆடுவது எலும்பில் உள்ள ஸ்க்ரூ அல்ல. அபட்மென்டைப் பிடித்திருக்கும் குட்டித் திருகு தளர்ந்திருக்கும். அதை மறுபடி முறுக்கினால் வேலை முடிந்தது. இது தெரியாமல் நல்ல இம்ப்ளான்டைப் பிடுங்கக் கொடுத்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயை உங்கள் கண்ணாலும் பாருங்கள். பிடித்து நிற்கும் இம்ப்ளான்டைச் சுற்றி, வெள்ளையாகத் தெரியும் எலும்பு ஸ்க்ரூவின் மரையோடு ஒட்டியிருக்கும். மரைக்கும் எலும்புக்கும் நடுவே சுற்றிலும் கறுப்புக் கோடு ஓடினாலோ, கழுத்துப் பகுதியில் கிண்ணம் போல எலும்பு கரைந்திருந்தாலோ ஆபத்து. எலும்போடு உண்மையிலேயே ஒட்டிய இம்ப்ளான்ட் துளிகூட அசையாது.

எப்போது தோற்றது?

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைக் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியவர் சுவீடனின் பிரோனேமார்க். அப்படி ஒட்டுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்குள் கழன்றால் ஒரு வகைக் காரணங்கள்: துளை போடும்போது எலும்பு சூடேறியது, கிருமி புகுந்தது, பிடிப்பு வருமுன் பல்லை மாட்டிக் கடிக்கவிட்டது. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமாகும். துளையிடும்போது விடாமல் சலைன் (உப்புநீர்) பாய்ச்சுவது இதற்காகத்தான்.

வருடக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டுத் தோற்றால் காரணம் வேறு. பல் தேய்க்கும்போது ரத்தம், ஈறை அழுத்தினால் சீழ், வாயில் கெட்ட சுவை என்றால் இம்ப்ளான்டைச் சுற்றி நோய் பிடித்திருக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பாரம் தாங்காமல் ஸ்க்ரூவே உடையலாம்.

மூன்றாவது, உங்கள் உடம்பு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பீடி சிகரெட், பழைய ஈறு நோய், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை. இவை மாறாமல் எந்தக் கம்பெனி ஸ்க்ரூ வைத்தாலும் பயனில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ஊசியோ போடுகிற அம்மாக்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும். அதற்குப் பயந்து நீங்களாக ஊசியை நிறுத்தவும் கூடாது. டெனோசுமாப்பைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறியலாம்.

வாணியம்பாடியை மறக்காதீர்கள்

2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். பல்லுக்குப் போனவர்கள்! வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆர்., தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் நிபுணர்கள் நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. சலைன் பாட்டிலை ஈறு விலக்கும் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை அது சுட்டிக்காட்டியது. இம்ப்ளான்ட் சிகிச்சையில் அதே சலைன் திறந்த எலும்புக்குள்ளேயே பாய்கிறது. "எனக்குப் புது பாட்டில், என் எதிரில் பிரியுங்கள். கருவிகளையும் சீல் வைத்த உறையிலிருந்து எடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இனி என்னென்ன வழி?

காத்திருப்பது: தோற்றதை எடுத்து, சுத்தம் செய்து, மூன்று முதல் ஆறு மாதம் எலும்பு ஆறிய பின் மறுபடி வைப்பது. அன்றைக்கே மாற்றுவது, சீழ் இல்லாமல், சுற்றுச்சுவர் எலும்பு முழுசாக இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

போன் கிராஃப்ட்: கரைந்த இடத்தை நிரப்புவது. உங்கள் தாடையிலிருந்தே எலும்பு எடுக்கலாம். கடையில் வரும் தூள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தியது. மேலே போர்த்தும் மெல்லிய சவ்வு பல நேரம் பன்றியிலிருந்து எடுத்தது. மனசாட்சிக்கோ மதத்துக்கோ ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே கேட்டு மாற்று வாங்குங்கள். மேல் கடைவாயில் எலும்பு குறைந்தால் சைனஸ் லிஃப்ட் (சைனஸின் அடித்தளத்தை உயர்த்தி எலும்பு நிரப்புவது) செய்யலாம், அல்லது குட்டையான இம்ப்ளான்ட் வைக்கலாம்.

கன்ன எலும்பு இம்ப்ளான்ட்: மேல்தாடையில் எலும்பே இல்லாதவர்களுக்கு, சுமார் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீள ஸ்க்ரூவைக் கன்ன எலும்பில் பிடிக்கச் செய்வது. சைனஸை ஒட்டி, கண்குழிக்குப் பக்கத்தில் போகும் வேலை. இதில் நீண்ட அனுபவமுள்ள தாடை அறுவை நிபுணரிடம் மட்டும் செய்யுங்கள். "மூணே நாளில் முழு செட்" விளம்பரங்களில் இன்னும் உஷார். ஏற்கெனவே தோற்ற வாயில் அவசரமே எதிரியாகிவிடும்.

இம்ப்ளான்டைக் குறைப்பது: கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டே இம்ப்ளான்டில் மாட்டும் செட் பல்லே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். எட்டு, பத்து என்று அடுக்க வேண்டியதில்லை.

இம்ப்ளான்டே வேண்டாம் என்பது: பக்கத்துப் பல்லைச் சீவிக் கட்டும் பிரிட்ஜ், கழட்டி மாட்டும் பல், கடைசிக் கடைவாய்ப்பல் என்றால் இடத்தைச் சும்மா விட்டுவிடுவது. இவற்றில் எதுவும் தோல்வியல்ல. இவற்றைச் சொல்லாமல் இம்ப்ளான்டை மட்டுமே விற்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

இம்ப்ளான்ட் டப்பாவோடு வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். நாளை வேறு டாக்டரிடம் போனால், எந்தத் திருகுக்கு எந்தக் கருவி என்று அவர் கண்டுபிடிக்க அதுதான் உதவும். வைக்கும் முன், வைத்த பின், கழன்ற பின் எடுத்த எக்ஸ்ரே, சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன், ஒவ்வொரு ரசீது, கழன்று வந்த ஸ்க்ரூ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். "வாழ்நாள் கியாரண்டி" என்றால் என்ன சேரும், என்ன சேராது என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது கருத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஊரப்பாக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் பொத்தேரி. அங்கே எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பீச் போகும் வண்டி ஏறினால், கோட்டை ஸ்டேஷனுக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி.

டாக்டரின் பதிவில் சந்தேகம் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் விசாரிக்கலாம். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. புகாருக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. சமாதானப் பேச்சிலேயே காலம் போக விடாதீர்கள். உதவி எண் 1915.

இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது

மரத்துப்போகும் ஊசியின் வேகம் இறங்கிய பிறகும் கீழ் உதடு, தாடை மரத்தே இருந்தால் நரம்பு நசுங்கியிருக்கலாம். அன்றே போங்கள், மணிக்கணக்கு முக்கியம். குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தால் சைனஸ் திறந்திருக்கிறது. வீக்கம் தாடைக்கடியில் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் கிளினிக்கைத் தேடாதீர்கள். 108ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டாவது இம்ப்ளான்டுக்கு ஏற்கெனவே தேதி வாங்கிவிட்டீர்களா? முதலாவது ஏன் தோற்றது என்று எழுதித் தரச் சொல்லி இன்றைக்கே போன் போடுங்கள். எழுத்து கைக்கு வரும்வரை தேதியைத் தள்ளிப்போடுங்கள்.