மாக்கோலம்

மாக்கோலம் என்பது பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவுக் கரைசலால் தரையிலும் மணையிலும் வரையப்படும் கோலம் ஆகும். உலர்ந்த பொடியைத் தூவிப் போடும் அன்றாட வாசல் கோலத்திலிருந்து இது வேறுபட்டது. விழுப்புரம், அதற்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள திண்டிவனம், இவற்றைச் சுற்றிய ஊர்களில் பண்டிகை நாட்களிலும் சுப நிகழ்ச்சிகளிலும் மாக்கோலம் போடும் வழக்கம் உள்ளது. நெல் விளையும் பகுதி என்பதால் இதற்கான முதன்மைப் பொருள் வீட்டிலேயே கிடைத்து வந்தது.

மாவு தயாரித்தல்

ஒரு வீட்டு வாசலுக்கும் பூசை அறைக்கும் ஒரு டம்ளர் பச்சரிசி போதும். அதை 2 அல்லது 3 மணி நேரம் ஊறவைத்து, விரலால் தேய்த்தால் திப்பி தட்டாதபடி மைய அரைக்க வேண்டும். பின்பு தோசை மாவைவிட நீர்க்க, கெட்டிப் பாலின் பதத்திற்குக் கரைக்க வேண்டும். மாவு கெட்டியாக இருந்தால் காய்ந்தபின் செதிலாக உதிரும். அதிகம் நீர்த்தால் கோடு பரவி, வெண்மை குறையும். புழுங்கலரிசி மாவு சற்றுப் பழுப்பாக இருக்கும் என்பதால் பச்சரிசியே ஏற்றது.

வரையும் முறை

சிறிய பருத்தித் துணியை மாவில் நனைத்து, பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றால் பிடிக்க வேண்டும். துணியை மெல்ல அழுத்தினால் மாவு மோதிர விரலின் நுனி வழியே இறங்கும். அந்த விரலே எழுதுகோல். அழுத்தம் சீராக இருந்தால்தான் இழை ஒரே தடிமனில் அமையும்.

இணைகோடுகளாக வரையும் இழைக்கோலத்திற்கு மாக்கோலமே மிகவும் பொருந்தும். சுபநாட்களில் ஒற்றை இழையைத் தவிர்த்து இரட்டை இழையாகப் போடுவது பல வீடுகளின் வழக்கம். நடுவில் சதுரத்தைப் போட்டுக்கொண்டு வெளிநோக்கி விரிப்பார்கள். கோலம் காய்ந்தபின் ஓரத்தில் காவி பூசுவதும் உண்டு.

போட்டவுடன் கோலம் மங்கலாகத் தெரியும். மாவு போதவில்லை என்று எண்ணி அதன்மேல் மீண்டும் வரைவது புதிதாகப் பழகுவோர் செய்யும் தவறு. மாவுத் துகள்களுக்கிடையே உள்ள நீர் உலர்ந்து காற்று புகுந்ததும் ஒளி சிதறிக் கோலம் வெண்மையாகத் தெரியும். எனவே காயும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

போடும் நாட்கள்

பொங்கல், ஆடி வெள்ளி, வரலட்சுமி விரதம், கார்த்திகை தீபம் ஆகிய நாட்களிலும் திருமணங்களிலும் மாக்கோலம் இடம்பெறும். கிருஷ்ண ஜெயந்தியன்று கைமுட்டியின் பக்கவாட்டை மாவில் தோய்த்துப் பதித்து, விரல் நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்துக் கண்ணன் பாதம் வரைவர். துக்கம் நிகழ்ந்த வீட்டில் கோலம் போடுவதில்லை.

பிற மாநிலங்களில்

வங்காளத்தின் அல்பனா, ஒடிசாவின் ஜோட்டி ஆகியவையும் அரிசி மாவுக் கரைசலால் வரையப்படுகின்றன. உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் காவி மண் பூசிய தரைமீது அரிசி மாவால் ஐபன் வரைகின்றனர். இதற்கு 2021இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இன்றைய நிலை

சாணம் மெழுகிய தரையிலும் சொரசொரப்பான சிமெண்ட் தரையிலும் மாவு நன்கு பிடித்து, தண்ணீர் படாவிட்டால் சில நாட்கள் நிற்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அவ்வாறு பிடிப்பதில்லை. இதனால் பல வீடுகளில் வெள்ளைப் பெயின்ட்டும் கோல ஸ்டிக்கரும் இடம்பிடித்துவிட்டன. வெண்மைக்காகச் சிலர் சாக்பீஸ் தூளையும் கலக்கின்றனர். எறும்புக்கும் குருவிக்கும் உணவாவது என்ற கோலத்தின் பழைய நோக்கம் இவற்றில் நிறைவேறுவதில்லை.

துணியை அழுத்தும் அளவு சொல்லித் தெரிவதன்று. போடுபவர் அருகில் அமர்ந்து பார்த்தும் போட்டும் பழக வேண்டியது. ஒரு தலைமுறை இடைவெளி விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இருக்காது. டைல்ஸ் பதித்த வீட்டிலும் ஒரு மரமணையில் காவி பூசி மாக்கோலம் பழகலாம். பிழையானால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.