ஒய்.பி. எஞ்சின்: ஒரு தலைமுறையைச் சுமந்த நீராவி வண்டி



நெய்யாற்றங்கரையை அடுத்த கள்ளிக்காட்டில் இரயில் நிலையம் இல்லை. ஆயினும் அவ்வூரிலும் பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்புத் தேடிச் சென்னை நோக்கிப் புறப்பட்டோரின் வாழ்வில் புகைவண்டிக்குத் தனியிடம் உண்டு. பேருந்தில் திருவனந்தபுரம் சென்று, அங்கிருந்து கொல்லம், புனலூர், தென்மலை, செங்கோட்டை வழியாக மீட்டர் பாதையில் செல்வதே அந்நாளைய பயணம். கொல்லம் – செங்கோட்டைப் பாதை 1904ஆம் ஆண்டிலும், அதன் திருவனந்தபுர நீட்டிப்பு 1918ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றன. 1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தைச் சேர, ஒரே தண்டவாளம் இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நிற்க, அண்டை வட்டமாகிய விளவங்கோடு சென்னை மாநிலத்திற்குச் சென்றதும் அன்றுதான். உறவினர் எல்லையின் இருபுறமும் ஆயினர்.

அக்காலத்தில் தென்னாட்டு மீட்டர் பாதைகளில் பயணிகள் வண்டிகளை இழுத்த எஞ்சின்களுள் தலையாயது ஒய்.பி. என்னும் வகை. ‘ஒய்’ என்பது மீட்டர் பாதையையும், ‘பி’ என்பது பயணிகள் வண்டியையும் குறிக்கும். இதன் உடன்பிறப்பாகிய ஒய்.ஜி., சரக்கு வண்டிக்கு உரியது.

இவ்வகை தோன்றிய வரலாறு படிப்பினை நிறைந்தது. 1937ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பிஹ்தா அருகே எக்ஸ்.பி. என்னும் அகலப்பாதை எஞ்சின் இழுத்துச் சென்ற விரைவு வண்டி தடம் புரண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவ்வகை எஞ்சின்களின் ஓட்டம் ஆராயப்பெற்றது. புதிய அமைப்புகள் உருவாயின. அகலப்பாதைக்கு டபிள்யூ.பி. எஞ்சின் 1947இல் வந்தது. மீட்டர் பாதைக்கு ஒய்.பி. 1949இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து வந்தது.

மீட்டர் பாதையின் தண்டவாளங்கள் மெல்லியவை. பெரும்பளுவை அவை தாங்கா. ஆகையால் எஞ்சினின் எடையைப் பல சக்கரங்களின்மீது பகிர்ந்து வைத்தனர். முன்னுள்ள நான்கு சிறு சக்கரங்கள் வளைவுகளில் வழிகாட்டும். நடுவிலுள்ள ஆறு பெருஞ்சக்கரங்கள் வண்டியை இழுக்கும். பின்னுள்ள இரண்டும் அகன்ற நெருப்புப் பெட்டியைத் தாங்கும். பெருஞ்சக்கரம் ஒவ்வொன்றும் 1,372 மில்லிமீட்டர் விட்டமுடையது. அந்நெருப்பு தணியாமல் காத்தது, அனலின் முன் நின்று நிலக்கரியை வாரியிட்ட தொழிலாளியின் கை. அவருடைய வியர்வையே நம் பயணத்தின் விசை.

தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய இவ்வெஞ்சின்களைப் பின்னர் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் உருவாக்கிற்று. 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள் செய்யப்பெற்றன. ஆனால் 1960களிலேயே டீசல் எஞ்சின்களும் மீட்டர் பாதைக்கு வந்துவிட்டன. நம் நாட்டில் செய்யக் கற்றுத் தேர்ந்த வேளையில் நீராவிக்கு அந்திப்பொழுது நெருங்கியிருந்தது!

கள்ளிக்காட்டுக்கு அண்மையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றங்கரை நிலையங்களுக்கு இரயில் 1979இல்தான் வந்தது. வந்ததோ அகலப்பாதை! ஆகவே மீட்டர் பாதைக்கென்றே பிறந்த ஒய்.பி. எஞ்சின் பாறசாலை மண்ணை மிதிக்கவே இல்லை. திருவனந்தபுரம் – கொல்லம் பாதை அதற்கு முன்னரே, 1976இல், அகலப்பாதையாயிற்று. புனலூர் – செங்கோட்டைப் பகுதியின் மீட்டர் பாதை 2010இல் மூடப்பெற்று, அகலப்பாதையாக 2018இல் முழுமையாகத் திறக்கப்பெற்றது. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலம் மட்டும் பழங்கதைக்குச் சான்றாக நிற்கின்றது.

இரும்பு எஞ்சினைக் காட்சிச்சாலை காத்துக்கொள்ளும். ஆனால், கண்ணில் கரித்தூள் விழ, மடியில் கட்டுச்சோற்றுடன் அவ்வண்டியில் ஊரை விட்டு வந்தவரின் நினைவை யார் காப்பது? நம் இல்லங்களில் அத்தகைய முதியோர் இன்னும் இருக்கின்றனர். எந்த ஆண்டு, எந்த நிலையத்தில் ஏறினார்கள், வழியனுப்ப யார் வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வைப்பார்களாக. அவ்வேட்டில் அந்த எஞ்சின் இன்னும் பல்லாண்டு ஓடும்.